பதினோரு வருஷம் பைகளுக்குக் காவல்

என் ஓரகத்தியைப் பழிவாங்க எனக்குப் பதினோரு வருஷம் ஆனது. வெட்டு குத்து, சொத்துத் தகராறு என்று எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது பைகளைப் பற்றிய விவகாரம். புளிசாதத் தூக்கு இரண்டு, தண்ணீர் கேன் ஒன்று, பாய், மாற்றுத் துணி மூட்டைகள், ஆளாளுக்கு ஒரு கைப்பை, அப்புறம் எல்லாருடைய செருப்பும். இவற்றுக்கு நடுவில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான்.

குடும்பமாக ஜனங்கள் சுற்றிப்பார்க்கப் போகிற எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கடற்கரையோ, அணைக்கட்டோ, அலை அடிக்கும் குளம் வைத்த பூங்காவோ, எதுவானாலும் சரி. ஒரு மரத்தடியிலோ தூணோரத்திலோ பைகளைச் சுற்றிலும் அடுக்கிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அநேகமாக வீட்டுக்குக் கடைசியாக வந்த மருமகள். இல்லையென்றால் புருஷனை இழந்த அத்தை. எங்களுக்குள் ஒரு பார்வை உண்டு. "கொஞ்சம் பாத்துக்கோ, பாத்ரூம் போய்ட்டு வந்துட்றேன்" என்று ஒருத்தி சொல்வாள், இன்னொருத்தி தலையாட்டுவாள். அதற்கு மேல் நாங்கள் எதுவும் பேசிக்கொள்வதில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே அண்ணன். பன்னிரண்டு வயசு மூத்தவர். காக்களூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார், வீடு திருவள்ளூரில். மாமனார் சீக்கிரமே போய்விட்டதால் என் வீட்டுக்காரரைப் படிக்க வைத்து ஆளாக்கியது அந்த அண்ணனும் அண்ணியும்தான். அந்த அண்ணிதான் என் ஓரகத்தி. நாங்கள் கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவர் இரும்பு உருட்டும் கம்பெனியில் ஷிஃப்ட் ஆள். நான் சிப்காட்டில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் இடத்தில் பேக்கிங். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு. அந்த ஒரு நாளில்தான் என் ஓரகத்திக்கு ஊர் சுற்றும் ஆசை வரும். போன் அடிக்கும். "வேன் சொல்லிட்டேன். நீ புளிசாதம் பண்ணிடு, உன் கை பக்குவம் யாருக்கும் வராது" என்பாள். பக்குவமாவது, வெங்காயமாவது. காலை நாலு மணிக்கு எழுந்து இருபது பேருக்குச் சோறு கிளற அவளால் முடியாது, அவ்வளவுதான்.

முதல் தடவை கல்யாணமான மூன்றாம் மாசம். காணும் பொங்கலுக்குப் பழவேற்காடு போனோம். எல்லாரும் படகில் ஏறப் போனார்கள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினேன். ஓரகத்தி என் தோளில் கை வைத்தாள்.

"நீ இங்கயே குந்துமா. புதுப் பொண்ணு, வெயில்ல கறுத்துடுவ. பைய மட்டும் பாத்துக்கோ."

எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று நான் அன்றைக்குப் பூரித்துப்போனேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

அடுத்த வருஷம் பூந்தமல்லி தாண்டி ஒரு தண்ணீர்ப் பூங்கா. "நீ மாசமா கீற, தண்ணில எறங்கக் கூடாது." அதற்கடுத்த வருஷம் கைக்குழந்தை. "கொழந்தய வெச்சிக்கினு எங்க போவ? நெழல்ல குந்து." நாலாம் வருஷம் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. வேனிலிருந்து இறங்கியதும் அவரவர் பையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்கள். செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் புதிதாக வந்திருந்த சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி, "ஏன், அவங்க வர்லியா?" என்று கேட்டாள். ஓரகத்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"அதுக்குத் தண்ணின்னா பயம்பா. எப்பவுமே அப்படித்தான். பை பாத்துக்கிறதுதான் அதுக்குப் பிடிக்கும்."

தண்ணீர் என்றால் பயம். எனக்கு!

நான் பிறந்தது ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரைப் பக்கம். ஊரில் எல்லாரும் பழவேற்காட்டு ஏரியை ஏரி என்றுதான் சொல்வோம். உப்புத் தண்ணீர், அந்தப் பக்கம் கடல். அம்மாவும் நானும் நடவுக்கும் அறுப்புக்கும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போவோம். கழனியில் வேலை இல்லாத மாசங்களில் ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்போம். இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் மண்டி போட்டு நகர வேண்டும். கை அடிச் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். எந்த மாசத்தில் எங்கே முழங்கால், எங்கே இடுப்பு, எங்கே ஆள் மூழ்கும் என்று எனக்கு இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். அப்படிப்பட்டவளுக்குத் தண்ணீர் பயமாம்.

என் ஓரகத்தியோ கழனிக்காரர் வீட்டுப் பெண். அதை வேனில் ஏறிய பத்தாவது நிமிஷம் சொல்லிவிடுவாள். "எங்கப்பாவுக்கு ஏழு காணி. நானு பம்ப்செட்டு கெணத்துல மேல இருந்து குதிப்பேன், ஆம்பள பசங்ககூட பயப்படுவாங்க. ஆனா ஒண்ணு, சேத்துல மட்டும் கால் வெச்சதே இல்ல. எங்கப்பா உட மாட்டாரு. அதுக்குன்னு ஆளுங்க கீறாங்க இல்ல?" அந்த 'ஆளுங்க' என்ற இடத்தில் அவள் கண் என் பக்கம் வந்துபோகும். எங்கள் அம்மா அவர்கள் கழனியில் வேலை செய்தவள் இல்லை. ஆனாலும் அவள் பார்வைக்கு எல்லாச் சேறும் ஒரே சேறு.

வாய் இருக்கிறதே, கேட்டிருக்கலாமே என்பீர்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணி எனக்கு அம்மா மாதிரி. ஒரு நாள் பையப் பாத்துக்கினா கொறஞ்சா பூடுவ?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. நானும் பொறுத்துப்போனால் நல்ல பேர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். பேர் கிடைக்கவில்லை, பைதான் கிடைத்தது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது அவளைச் சொன்னது. கேணை என்பது என்னைச் சொன்னது.

எட்டாம் வருஷம் முதல் தடவையாகப் பழிவாங்கப் பார்த்தேன். அது எப்படிக் கவிழ்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மானத்தைப் பார்த்தால் முடியாது.

ஓரகத்தியின் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். கொடி சுற்றியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட எல்லாரும் வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதலை யார் பேரில் வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளலாம். வேண்டிக்கொண்டது நீயாக இருந்தாலும் செலுத்த வேண்டியது அவள். அம்மனிடம் போன வாக்கு திரும்பாது. நான் சட்டென்று கையைக் கூப்பி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

"பெரியபாளையத்தம்மா! கொழந்த நல்லபடியா பொறந்தா எங்கக்கா வேப்பஞ்சேலை கட்டிக்கினு உன்னைச் சுத்தி வருவாங்க!"

குளித்துவிட்டு ஈரத்தோடு, உடம்பு முழுக்க வேப்பிலையைத் துணிமேல் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஆடி மாசக் கூட்டத்தில் பெரியபாளையத்துப் பவானியம்மன் கோயிலைச் சுற்ற வேண்டும். வெறும் கால். பட்டுப் புடவை கசங்கிவிடும் என்று கல்யாண வீட்டில் பந்தியில்கூட ஓரமாக உட்காருகிறவள் என் ஓரகத்தி. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் பொங்கல் பொங்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. சத்தியமாகச் சொல்கிறேன், குழந்தை நன்றாகப் பிறக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். ஆனால் அது இரண்டாவதாகத்தான்.

ஆடி மூன்றாம் ஞாயிறு. கோயில் குழாயடியில் அவளைக் குளிக்க வைத்து, வேப்பஞ்சேலை கட்டி முடித்தார்கள். நான் அவள் எப்போது நெளிவாள், எப்போது அழுவாள் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னிடம் திரும்பினாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். வளையல், கைப்பை, போன், ஈரப் புடவை மூட்டை, மருமகளின் பை, குழந்தையின் பால் புட்டி, எல்லாம் வந்து சேர்ந்தது.

"நகை இருக்குது, இங்கயே குந்து. எங்கயும் எழுந்து பூடாத."

அங்கேயே குந்தினேன். கூட்டத்துக்குள் போன என் ஓரகத்தி திரும்பி வரும்போது ஆளே வேறாக இருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, உடம்பு நடுங்குகிறது, யாரோ ஒரு அம்மா அவள் காலில் விழுந்து திருநீறு கேட்கிறாள். அவள் புருஷன், எங்கள் வீட்டுப் பெரியவர், சொந்தக்காரர்களிடம் போனில், "அவளாவே வேண்டிக்கினா. இந்தக் காலத்துல எவ செய்வா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போட்டோவில் அவள் பச்சைப் பசேல் என்று வேப்பிலைக்குள் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் போட்டோ பிரேம் போட்டு இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நான் வெட்டிய குழியில் அவள் கோயில் கட்டிக்கொண்டாள். நான் பையோடு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் மனசை அடக்கிக்கொண்டு இருந்தேன். விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விடாதபடி செய்தது என் மகளின் நோட்டுப் புத்தகம்.

அவள் அப்போது நாலாவது படித்தாள். தமிழ் மிஸ் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார். இரண்டு மணி ஷிஃப்ட் முடிந்து வந்து, அவள் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போது அந்த நோட்டும் கூடவே வந்தது. பெரியப்பா, பெரியம்மா, படகு, பறவைகள் என்று அழகாக எழுதியிருந்தாள். கடைசிக்கு முந்தின வரிகள் இப்படி இருந்தன: 'என் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். அதனால் அவர் கரையில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு அதுதான் பிடிக்கும்.' பக்கத்தில் மிஸ் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார்.

நான் அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓரகத்தி என்னைப் பதினோரு வருஷம் வெயிலில் உட்காரவைத்தது கூடப் பெரிதில்லை. நான் பெற்ற பிள்ளைக்கு நான் யார் என்பதை அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை அதைக் கையெழுத்து கோணாமல் எழுதி 'மிக நன்று' வாங்கியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் அழுகையாக மாறவே இல்லை. அப்படியே கெட்டியாக நின்றது. பெண்ணே, உனக்கு உன் அம்மாவைக் காட்டுகிறேன், அவளுக்கு அவளையே காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாசத்தில் நானாகப் போன் பண்ணினேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"அக்கா, எங்க ஊர்ப் பக்கம் ஏரில பூநாரை வந்து எறங்கிக்கீதாம். ஆயிரக் கணக்குல நிக்குதாம். கூட்டமே இருக்காது. இந்த ஞாயித்துக்கெழம போலாமா? புளிசாதம் நானே எடுத்தாந்துட்றேன்."

"பரவால்லியே, உனக்குக்கூட இதெல்லாம் தோணுதே" என்றாள்.

பிறகு ஊருக்குப் போன் போட்டேன். எங்கள் தெருவில் என்னோடு இறால் பிடித்து வளர்ந்த அண்ணன் ஒருவர், இப்போது சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார். மாசியில் ஏரி வற்ற ஆரம்பித்துவிடும். கரையிலிருந்து பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீராகத் தெரியும். ஆனால் நடுவில் நீளமாக ஒரு சேற்று மேடு கிடக்கிறது. அதன் மேல் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருக்கும். ஏரியைத் தெரிந்தவன் அதைச் சுற்றிக்கொண்டு போவான்.

"அண்ணே, நீ சுத்திக்கினு போவாத. நேரா மேட்டுல ஏத்திடு."

அவர் சிரித்துவிட்டார். "இன்னாமே, பழி தீத்துக்கிறியா? ஆரு அது?"

"போட்டுல வந்து குந்தினதும் நீயே கண்டுக்குவ."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் வந்து நின்றது. பெரியவர், ஓரகத்தி, அவர்கள் மகன், மருமகள், மூன்று வயசுப் பேத்தி, நாங்கள் மூன்று பேர். கரையில் இறங்கியதும் பழக்கதோஷத்தில் ஆளாளுக்குப் பையை என் முன்னால் போட்டார்கள். நான் எல்லாவற்றையும் தூக்கிப் படகுக்குள் வைத்தேன்.

"இங்க நெழலே இல்லக்கா, குந்த முடியாது. பைங்களும் போட்டுலயே வரட்டும். நானும் வரேன்."

"உனக்குப் பயமா இருக்காது?" என்றாள்.

"நீங்க கீறீங்களேக்கா" என்றேன்.

எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை மாட்டினார்கள். அவளுடையது வயிற்றில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. படகுக்கார அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்தது. என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதம்மா, ஒண்ணும் ஆவாது" என்று என்னைத் தேற்றினாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அரை மணி நேரம் போயிருப்போம். தூரத்தில் தண்ணீரின் ஓரத்தில் வெள்ளையும் ரோஸுமாக ஒரு கோடு தெரிந்தது. "அதா! அதா!" என்று எல்லாரும் எழுந்தபோது படகின் அடியில் கரகரவென்று ஏதோ உரசியது. வண்டி முட்டுச்சந்தில் நிற்பது போல நின்றது. அண்ணன் எஞ்சினைத் தூக்கினார். விசிறி முழுக்க சேறு.

"மேட்டுல ஏறிக்கிச்சு சார். பாரம் கொறஞ்சாதான் மெதக்கும். கொஞ்சம் எறங்குங்க எல்லாரும். ஆழம் இல்ல, முட்டிக்குக் கீழதான்."

ஓரகத்தி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கு அடியில் கன்னங்கரேல் என்று சேறு.

"இதுல எறங்கறதா? நான் மாட்டேம்பா!"

"அப்போ பைங்கள இன்னா பண்றது? சேத்துல வெக்க முடியாதே" என்று பெரியவர் கேட்டார்.

பதினோரு வருஷம் நான் காத்திருந்த கேள்வி அது. அதை அவர் வாயிலிருந்தே வரவழைத்த அம்மனுக்கு அந்த நிமிஷமே ஒரு கும்பிடு போட்டேன். எழுந்து நின்றேன். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கீழ்ப்பாய்ச்சிக் கட்டினேன். விளிம்பில் கை வைத்து ஒரே தாவலில் ஏரியில் இறங்கினேன். கால் பெருவிரல் சேற்றில் புதைந்தவுடனே உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"பைங்கள அக்கா பாத்துக்குவாங்க" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி, ரொம்ப மரியாதையாக. "அவங்களுக்குச் சேறுன்னா பயம். எப்பவுமே அப்படித்தான். நீங்க வாங்க, நான் கூட்டிக்கினு போறேன்."

மகன் இறங்கினான். மருமகள் இறங்கினாள். பெரியவர் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கி, "அட, நல்லாக்கீதே!" என்று சின்னப் பையன் மாதிரிக் குதித்தார். என் வீட்டுக்காரர் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டார். என் மகள் மட்டும் விளிம்பில் நின்று என்னையே பார்த்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். குதித்தாள்.

"எங்க போறீங்க? எவ்ளோ நேரம் ஆவும்? ஏங்க!" என்று ஓரகத்தி கத்தினாள்.

"நகையெல்லாம் பையில இருக்குதுக்கா" என்று நான் திரும்பிச் சொன்னேன். "எங்கயும் எழுந்து பூடாதீங்க."

சேற்றில் நடக்கத் தெரியாதவர்களுக்கு நடக்கக் கற்றுக் கொடுத்தேன். குதிகாலை முதலில் ஊன்றாதே, விரலைப் பரப்பு, நின்றால் புதைவாய், நகர்ந்துகொண்டே இரு. எல்லாரும் என் பின்னால் வரிசையாக வந்தார்கள். பறவைகளுக்கு அருகே போக முடியாது, கிட்டே போனால் எழும்பிவிடும். நல்ல தூரத்திலேயே நிறுத்திவிட்டேன். அவ்வளவு பறவைகளும் தலையைக் கவிழ்த்துத் தண்ணீரைச் சலித்துத் தின்றுகொண்டிருந்தன. நான் மண்டி போட்டு, கையைச் சேற்றில் விட்டுத் தடவினேன். கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. மூன்றாவது தடவலில் உள்ளங்கைக்குக் கீழே ஒன்று துள்ளியது. அமுக்கிப் பிடித்து எடுத்து என் மகளின் கையில் வைத்தேன். உயிருள்ள இறால். அவள் வீலென்று கத்தி, அதை விடாமல் பிடித்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, உனக்குத் தண்ணின்னா பயம்னு பெரியம்மா சொன்னாங்களே?"

"பெரியம்மாவுக்குத் தெரியாது" என்றேன். "நீயும் கை வுட்டுப் பாரு."

அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் எடுத்த போட்டோவில் நான் இருக்கிறேன். பதினோரு வருஷத்தில் முதல் போட்டோ. இடுப்பு வரைக்கும் சேறு, என் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னால், ரொம்பத் தூரத்தில், ஒரு படகு. அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. போனில் பெரிதாக்கினால் அது பைகளுக்கு நடுவில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியும். நான் அதை அடிக்கடி பெரிதாக்கிப் பார்ப்பேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினோம். அவள் முகம் வெயிலில் சிவந்து உப்பியிருந்தது. புளிசாதம் வேண்டாம் என்றாள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு நாள் வெயில் பதினோரு வருஷத்துக்கு எப்படி ஈடாகும்? அவள் என்னைப் பையோடு கட்டிப்போட்டது கயிற்றால் இல்லை, ஒரு வாக்கியத்தால். அதே வாக்கியத்தை நானும் கையில் எடுத்தேன். அடுத்த கல்யாண வீட்டில், அதற்கடுத்த சீமந்தத்தில், சொந்தக்காரர்கள் ஏரிக் கதையைக் கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னேன். "அக்காவுக்குச் சேறு, தண்ணி எல்லாம் பயம். வயசாவுது இல்ல? பாவம், அவங்களுக்குப் பையோட குந்திக்கினு இருக்கிறதுதான் பிடிக்கும்." குரலில் அக்கறை சொட்ட வேண்டும், அது முக்கியம். அதை யாரிடம் கற்றேன் என்று சொல்லத் தேவையில்லை. ஏரியில் அவள் இறங்காததை ஆறு பேர் பார்த்திருந்தார்கள், பேச்சு சுலபமாகப் பரவியது. அடுத்த வருஷம் அவள் மருமகளே, "அத்த, நீங்க குந்துங்க, நாங்க போய்ட்டு வந்துட்றோம்" என்று பையைக் கொடுக்க ஆரம்பித்தாள். மறுத்துப் பேசினால் அவளுக்குத்தான் அசிங்கம். கிணற்றில் குதித்த கதையை எடுத்தால் பெரியவரே சிரித்தார்.

இந்த வருஷம் காணும் பொங்கல். பழவேற்காட்டுக் கடற்கரை. நிற்க இடமில்லாத கூட்டம். பாயை விரித்து ஓரகத்தியை உட்காரவைத்தார்கள். பைகள் அவளைச் சுற்றி வந்தன. செருப்புகள் அவள் முன்னால் விழுந்தன. அவள் பேத்திக்கு இப்போது ஐந்து வயசு. நான் பெரியபாளையத்தம்மாளிடம் யாருக்காக வேண்டிக்கொண்டேனோ, அதே குழந்தை. பக்கத்துப் பாயிலிருந்த ஒரு சின்னப் பெண்ணோடு சிநேகம் பிடித்து மணல் தோண்டிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னப் பெண், "உங்க ஆயா வர்லியா?" என்று கேட்டது.

"எங்க ஆயாவுக்குத் தண்ணின்னா பயம்" என்றது பேத்தி. "பை பாத்துக்கிறதுதான் ஆயாவுக்குப் பிடிக்கும்."

ஓரகத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கேட்பது போலப் பார்த்தாள். ஏழு காணிக் கழனியின் கிணற்றில் தலைகீழாகக் குதித்தவள் அவள் என்று அந்தக் கடற்கரையில் நம்புகிற ஒரே ஆள் நான்தான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். 'உங்க ஆயா பெரிய நீச்சல்காரி' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தை அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். என் மகளின் நோட்டுப் புத்தகம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சிவப்பு மை ஞாபகம் வந்தது.

நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. என் செருப்பைக் கழற்றி, மற்ற செருப்புகளோடு சேர்த்து அவள் முன்னால் வைத்தேன். பிறகு அவள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.